விரலை விட்டு இறங்கிய நீலம்

உயிரோடு இருக்கும்வரை கோவிந்தன் அந்த மோதிரத்தைக் கழற்ற மாட்டான் என்று அவனுடைய குடும்பம் நம்பியது. மோதிரத்தில் இருந்தது நீலக்கல். மூன்று நாள் வைத்துப் பார்த்து, ஒத்துக்கொண்டது என்று உறுதியான பிறகே விரலில் ஏறிய கல். அப்படி ஏறிய நீலத்தை இடையில் கழற்றினால் விலகிப்போன சனி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவன் தாய் மாரியாயி நம்பினாள். அவன் மனைவி செல்லம்மா நம்பினாள். அவர்களுக்கு அதைச் சொன்னவள் நான். நீயும் நம்பினாயா என்று கேட்டால், அந்த வயதில் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு நகைப்பட்டறையில், ஆர்டர் கொடுத்துச் செய்யும் நகைகளுக்குக் கல் தெரிவு செய்யும் வேலையில் என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் தோட்டின் திருகாணியை மாற்றிக்கொள்ள அந்தக் கடைக்குப் போயிருந்தேன். இப்போது கல்லோடு அச்சடித்த சான்றிதழும் வருகிறது. கல்லின் மேல் வைத்தால் விளக்கு எரிந்து உண்மையைச் சொல்லும் சிறு கருவி ஒன்றும் மேசையில் இருந்தது. மகிழ்ச்சியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது, கல் வேலை பார்க்கும் சாந்தி என்ற பெண், நீல மோதிரம் வாங்க வந்த ஒருவரிடம் சொன்னாள்: “ஒரு தடவை போட்டா கழட்டவே கூடாது அங்கிள். குளிக்கும்போதுகூட.”

எனக்குக் கால் தளர்ந்தது. கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓடி வந்து நாற்காலி போட்டாள்.

“என்ன ஆன்ட்டி, பிரஷரா?”

“அந்த வார்த்தையை இனிமே யார்கிட்டயும் சொல்லாதேம்மா.”

“எல்லாக் கடையிலயும் இப்படித்தானே லா சொல்றாங்க. ஏன் சொல்லக் கூடாது?”

நின்றபடி சொல்லக்கூடிய பதில் அல்ல அது. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் தந்தை அந்தப் பட்டறையில் கல் பதிப்பவராக இருந்தார். அவர் கண்ணில் புரை விழத் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. கல்லின் முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்வதற்காக அவரருகில் உட்கார்ந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்துவிட்டு, சாமான் கட்டி வந்த தாளைக்கூட விடாமல் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, கல்லின் உள்ளே பார்ப்பது இன்னோர் எழுத்தை வாசிப்பது போலப் பிடித்துப்போயிற்று. மூன்று ஆண்டுகளில் கல் தெரிவு முழுவதும் என் பொறுப்பில் வந்தது.

பட்டறை வைத்திலிங்க பத்தருடையது. நாற்பது வயதிருக்கும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர் முன்னிலையில் கல்லின் குற்றத்தை வாயால் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். எங்களுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்திருக்கும். நல்ல கல்லை முகம் மேலே தெரியும்படி வைப்போம். ஆகாத கல்லைக் கவிழ்த்து வைப்போம். அதைப் பார்த்து அவர் பேச்சை முடித்துக்கொள்வார். “கொண்டு வர்றவங்க அதை யாரோ ஒருத்தர் ஞாபகமா முடிஞ்சு வச்சிருப்பாங்க. கண்ணாடின்னு சொல்லி நாம எதுக்கு அவங்க மனசை உடைக்கணும்?” என்பார். நான் அவசரப்பட்டு ஏதேனும் சொல்லிவிட்டால் திட்ட மாட்டார். கையிலிருக்கும் பூதக்கண்ணாடியில் வாயால் ஊதி, வேட்டி முனையால் நிதானமாகத் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை எனக்கு மூச்சு வராது.

காலை ஒன்பது முதல் பதினொன்று வரை வடக்கு வாசலில் விழும் வெளிச்சத்தில்தான் கல் பார்ப்போம். அதற்கு முன் நான்கு கேள்விகள் உண்டு. யார் அணியப் போகிறார்? எந்தக் கை, எந்த விரல்? அந்தக் கை என்ன வேலை செய்கிறது? எதற்காகக் கேட்கிறார்கள், அழகுக்கா, நம்பிக்கைக்கா? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. ரப்பர்ப் பால் உறைய வைக்கும் அமிலத்தில் தினமும் கை படுகிறவருக்கு முத்தையும் பவளத்தையும் கொடுத்தால் ஓராண்டில் அவற்றின் முகம் அரித்துப்போகும். உளியும் மண்வெட்டியும் பிடிக்கிற கைக்கு மரகதம் கொடுத்தால் ஓரம் உடையும். நீலமும் சிவப்பும் தாங்கும். ஆனால் மேடாக நிறுத்தாமல், தங்கத்தின் விளிம்பு கல்லை அணைத்திருக்கும்படி தாழ்த்திப் பதிக்க வேண்டும். நம்பிக்கைக்கு அணிகிற கல் என்றால் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். கல் தோலைத் தொட வேண்டும்.

கேள்விகள் முடிந்த பின்னர்க் கல்லைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இடுவோம். நிறம் எங்கே திரண்டு நிற்கிறது என்பது அப்போது தெரியும். மூச்சை ஊதினால் நல்ல கல்லின் மேல் படிந்த ஆவி சட்டென்று விலகும். கண்ணாடியின் மேல் தயங்கி நிற்கும். பிறகு பூதக்கண்ணாடி. உள்ளே நிறக்கோடுகள் நேராக ஓடினால் மண்ணில் விளைந்தது. வளைந்து ஓடினால் உலையில் விளைந்தது. பதிக்கத் தேர்ந்த ஒவ்வொரு கல்லின் உள்ளடையாளங்களையும் ஒரு குறிப்பேட்டில் வட்டமிட்டு வரைந்து வைப்பது என் வழக்கம். பின்னால் யாரேனும் கல்லை மாற்றிவிட்டார்கள் என்று வழக்கு வந்தால் அந்தப் படம் பேசும்.

போரில் ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு ரப்பர் கொள்வாரில்லை. தோட்டத்துத் துரைமார் ஓடிவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் மரவள்ளிக் கிழங்கை உண்டு மக்கள் வீங்கினார்கள். எங்கள் பட்டறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நகையை அழித்து அரிசியாக்க வந்தவர்களே. புதிதாகச் செய்யச் சொல்லி வந்தவள் மாரியாயி ஒருத்திதான். காதில் தொங்கிய தண்டட்டி இரண்டையும் கழற்றித் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். மகனுக்கு ஏழரைச் சனி. நீலம் வேண்டும் என்றாள்.

பின்னால் நின்ற கோவிந்தனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். வெட்கப்பட்டான். “எனக்கு எதுக்குக்கா மோதிரம்? வயித்துக்கு இல்லாதவன் வெரலுக்குப் போட்டா சிரிக்க மாட்டாங்க?” என்றான். அவனருகில் நின்ற செல்லம்மா, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவள், அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

வலது கை, நடுவிரல், பால்வெட்டுக் கத்தி பிடிக்கிற கை. இருந்த நீலங்களில் சிறியதாக, கெட்டியாக ஒன்றைத் தேர்ந்தேன். நிறம் ஒரு பக்கம் திரண்டிருந்தது. ஓரத்தில் மீன்வால் போன்ற ஒரு வெண்கீற்று. அவன் அதைத் துணியில் கட்டித் தலையணைக்கடியில் மூன்று நாள் வைத்துவிட்டு வந்தான்.

“கனவு ஏதாச்சும் வந்துச்சா?” என்று பத்தர் கேட்டார்.

“வந்துச்சு முதலாளி. ஓடிப்போன துரை வந்தாரு. ‘ஏண்டா, பால் ஏன் கொறச்சல்’னு கேட்டாரு.”

மாரியாயி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பத்தர்கூடச் சிரித்தார். கெட்ட கனவு இல்லை, வீட்டில் அசம்பாவிதம் இல்லை. கல் ஒத்துக்கொண்டது என்று முடிவாயிற்று. தந்தை பதித்தார். அவர் பார்வை அப்போது மிகவும் மங்கியிருந்தது. விளிம்பை அழுத்தும்போது கை வழுக்கி, கல்லின் இடுப்பில் ஊசிமுனை அளவு சில்லு தெறித்தது. விளிம்புக்குள் மறைந்துவிடும் என்று விட்டோம். மோதிரத்தை அவன் விரலில் ஏற்றும்போது, எல்லோருக்கும் சொல்வதைப் போலவே அவனுக்கும் சொன்னேன்: “இனிமே கழட்டக் கூடாது. என்ன ஆனாலும்.”

“சரிக்கா” என்றான். மாரியாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான்கு மாதங்கள் கழித்து, அரிசி தருவதாகச் சொல்லித் தோட்டத்து ஆபீசின் முன் ஆண்களை வரச் சொன்னார்கள். வந்தவர்களை லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்குக் கோவிந்தனும் போனான். அதன்பின் சேதி இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாரியாயி கீரைக்கட்டோடு டவுனுக்கு வருவாள். எங்கள் வாசலில் நின்று, “ஏதும் கேள்விப்பட்டியாம்மா?” என்பாள். இல்லை என்பேன். “கையில கல்லு இருக்குல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பாள்.

ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் துணி விரித்துக்கொண்டிருந்தபோது, வாளணிந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் பட்டறைக்குள் வந்தார். பெரிய வயதில்லை. காலணியை வாசலில் கழற்றிவிட்டு வந்தது எனக்கு முதல் அதிர்ச்சி. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தேவராஜ் எங்களுக்குத் தெரிந்தவர். முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, வயிற்றுக்காக அந்த மொழியைக் கற்றுக்கொண்டவர். அதிகாரி ஒரு புகையிலை டப்பாவை எங்கள் துணிமேல் வைத்துத் திறந்தார்.

உள்ளே கற்கள். மோதிரங்களிலிருந்து பெயர்த்தெடுத்தவை. சிலவற்றில் பற்றுக்கம்பியின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு, கோமேதகம், பச்சைக் கண்ணாடி, நம் ஊர்ப் பட்டறைகளில் அறுத்த வெட்டுகள். புகையிலை நெடி எழுந்தது.

“நல்லதா ஒண்ணு பொறுக்கி எடுத்து ஒரு ஊசி செஞ்சு தரணுமாம்” என்றார் தேவராஜ். “இவரோட அம்மாவுக்காம். அவங்க கட்டுற துணிக்கு இடுப்புல பட்டை இருக்கும், அதுல குத்துறதுக்கு.”

வாய் தன் பழக்கத்தில் கேட்டுவிட்டது: “அந்த அம்மா என்ன வேலை செய்யறாங்க?”

தேவராஜ் திகைத்தார். “ஏம்மா, இதெல்லாமா கேக்குறது!” ஆனாலும் கேட்டார். அதிகாரி தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

“வயல் வேலையாம். நடவு நடுவாங்களாம்.”

பத்தர் டப்பாவைப் பார்த்தபடி, “கல்லெல்லாம் எங்க கிடைச்சுதாம்?” என்றார்.

“சயாம்ல. ரயில் போடுற எடத்துல வாங்குனதாம்.”

“வாங்குனதா?”

“அவரு அப்படித்தாங்க சொல்றாரு. வார்த்தையை மாத்திச் சொன்னா என் கழுத்தில்ல போவும்.”

கற்களை எண்ணச் செய்தார்கள். முப்பத்து நான்கு. சனிக்கிழமை வருவதாகச் சொல்லி, தலை வணங்கிவிட்டுப் போனார்கள். அந்த வணக்கத்தை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு கல்லாகத் துணியில் பரப்பினேன். ஒரு நீலம். தண்ணீரில் இட்டேன், நிறம் ஒரு பக்கம் ஒதுங்கியது. பூதக்கண்ணாடியை வைத்தேன். மீன்வால். குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தைத் திறந்து படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன். எத்தனை முறை என்று தெரியாது.

மூலையிலிருந்து தந்தை கேட்டார்: “என்னம்மா, பேச்சு மூச்சே இல்ல?”

அவருடைய உள்ளங்கையில் கல்லை வைத்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில் கட்டைவிரல் நகத்தால் இடுப்பைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். நகம் ஓரிடத்தில் நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடி அங்கேயே நின்றது.

“இது என் கை பட்டது” என்றார். “கீரைக்காரம்மா மகன்.”

பத்தர் பூதக்கண்ணாடியில் ஊதித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“கல்லு அவனோடது. அதுக்கு மேல நமக்கு ஒண்ணும் தெரியாது.”

“அவன் கழட்ட மாட்டானே, முதலாளி.”

“அது நாம சொன்னது” என்றார்.

அந்த மூன்று சொற்களை நான் அப்போது கேட்கவே இல்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். முப்பத்து நான்கு பிணங்களின் விரல்களை என் மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாரியாயி தனியாக வரவில்லை. செல்லம்மாவும் வந்தாள். மூக்குத்தியின் திருகு இறுகிக்கொண்டது, கழற்றித் தர வேண்டும் என்றாள். அதை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

“எங்க போற?”

“சயாமுக்கு, அக்கா. அங்க புருசன் இருக்குற பொம்பளைங்க போலாமாம், சமையல் வேலை குடுப்பாங்களாம். வேலைக்கு ஆள் சேக்குற மண்டோர் பேர் எழுதிக்கிட்டாரு. புதன்கிழமை ரயிலு.” அவள் முகத்தில் ஒரு வருடத்துக்குப் பிறகு வெளிச்சம் இருந்தது. “போயி கண்டுபுடிச்சிருவேன். அவரு கையில நீலம் இருக்கில்ல? ஆயிரம் பேருல தெரிஞ்சிரும்.”

பத்தர் உள்ளே உலையருகில் இருந்தார். நான் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ‘போகாதே’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் போனவர்களைப் பற்றிக் காற்றில் வந்த செய்திகளே போதுமானவை. நான் டப்பாவைத் திறந்து நீலத்தை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தேன். கவிழ்த்து வைத்தேன். கை தானாகச் செய்தது.

“என்னக்கா இது?”

திருப்பிக் காட்டினேன்.

மாரியாயிதான் முதலில் பேசினாள். “இது எப்படி இங்க வந்துச்சு?”

“சயாம்லருந்து. வேற கல்லுங்களோட.”

“கழட்டிட்டானா?” அவள் என்னைப் பார்த்தாள். “நீதானே சொன்னே தாயி, கழட்டக் கூடாதுன்னு?”

“ஆமாம்மா.”

“அவன் கழட்ட மாட்டான். நான் பெத்தவன். சொன்னாச் சொன்னதுதான்.” பிறகு, அந்த வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்கு அவள் நடந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன். கீரைக்கூடை சாய்ந்தது.

செல்லம்மா அழவில்லை. கழுத்துத் தாலியை ஒரு கையால் மூடிக்கொண்டாள். “உறுதியாக்கா?”

குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். “உறுதி” என்றேன். கல்லைப் பற்றிய உறுதியைத்தான் சொன்னேன் என்று பின்னாளில் எனக்காக நானே வாதாடியதுண்டு. அவள் கேட்டது கல்லைப் பற்றி அல்ல என்பது அந்தக் கணமே எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டுப் பத்தர் வெளியே வந்தார். துணியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மாரியாயி கையேந்தி, “அதைக் குடுங்க ஐயா. எரிக்க வேற ஒண்ணும் இல்ல” என்றாள். பத்தர் இழுப்பறையிலிருந்து உலையில் விளைந்த நீலம் ஒன்றை எடுத்து, ஏறக்குறைய அதே அளவுதானா என்று பார்த்து, டப்பாவில் போட்டு மூடினார். கல்லை மாற்றி வைத்தவர் என்ற பேச்சுக்கு வாழ்நாளில் அவர் ஒருமுறைதான் உரியவரானார், அது அன்றைக்கு. உண்மையான கல்லை மாரியாயியின் முந்தானையில் வைத்தார்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். மண்ணில் வேலை செய்கிற பெண்ணுக்குத் தாங்கும் என்று சிறிய சிவப்பு ஒன்றைத் தேர்ந்து ஊசியில் பதித்து வைத்திருந்தோம். ஒப்புக்கொண்டார். மற்றவற்றை எண்ணினார். நீலத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். டப்பாவுக்குள் போட்டு மூடினார். வணங்கினார். போனார்.

மூடா ஆற்றங்கரையில், எலும்புக்குப் பதிலாக அந்த நீலத்தை வாழையிலையில் வைத்துக் கருமாதி செய்தார்கள். நானும் போயிருந்தேன். மாரியாயி அதைத் தண்ணீரில் விட்டாள். கண்ணிமைக்கும் நேரம்கூட மிதக்கவில்லை. செல்லம்மாவின் தாலியை அங்கேயே இறக்கினார்கள். புதன்கிழமை ரயிலில் அவள் போகவில்லை. அந்த ரயிலில் அவர்கள் தோட்டத்திலிருந்து போன பெண்களில் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

செர்டாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்லம்மாவின் தகப்பன் வந்து அழைத்துப் போனார். சிப்பாய்கள் லயங்களுக்கு வந்து பெண்களைத் தேடிய காலம். தாலி இல்லாத இளம்பெண்ணை வீட்டில் வைத்திருக்க எந்தத் தகப்பனுக்கும் துணிவு வரவில்லை. ஆறு மாதத்துக்குள் பெருமாள் என்ற, மனைவியை இழந்த ரப்பர் உலர்த்தும் ஒரு புகைவீட்டுத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர் என்று மாரியாயியே சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் வருவது நிற்கவில்லை, கேள்விதான் நின்றுவிட்டது.

ஜப்பான்காரர்கள் தோற்றுப் போனார்கள். மறுபடி வெள்ளைக்காரன் கொடி ஏறிற்று. பால்வெட்டு தொடங்கிற்று. ஒருநாள் காலை ஒன்பது மணிக்குத் துணி விரித்தேன். துணியின் மேல் ஒரு நிழல் விழுந்தது. வாசலில் ஒருவர், கெண்டைக்கால் முழுவதும் ஆறிய புண்களின் தழும்பு, எலும்பின் மேல் தோல். வயதானவர் என்று நினைத்தேன்.

“அக்கா, தெரியலையா? கோவிந்தன்.”

கிண்ணத்துத் தண்ணீர் துணியெல்லாம் பரவியது. நான்தான் தட்டிவிட்டிருக்க வேண்டும். அவன் குனிந்து, உருண்ட கற்களைப் பொறுக்கித் தந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் பொறுக்கினான்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. ரயில்லருந்து எறங்கி நேரா இங்கதான் வர்றேன். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.” கையை முன்னால் நீட்டினான். நடுவிரல் வெறுமையாக இருந்தது. “கழட்டிட்டேன்.”

நான் நனைந்த துணியைச் சுருட்டினேன்.

“குளிர்காச்சல்க்கா. பக்கத்துல படுத்திருந்தவன் காலையில எந்திரிக்கல. அடுத்தது நான்தான்னு தெரிஞ்சுபோச்சு. மருந்துக் கொட்டாயில ஒருத்தன் இருந்தான். கல்லு குடுத்தா கொய்னா மாத்திரை தருவான். மோதிரம் வச்சிருந்தவன் எல்லாம் குடுத்தான். கல்லைப் பேத்து ஒரு பொகையிலை டப்பாவுல போட்டுக்குவான். எட்டு மாத்திரை குடுத்தான்.” சிரிக்க முயன்றான். “நீங்க சொன்னது பொய்யில்லக்கா. அந்தக் கல்லுதான் என்னைக் காப்பாத்துச்சு.”

வாங்கியது என்று அதிகாரி சொன்னதாகத் தேவராஜ் பெயர்த்துச் சொன்னாரே, அந்தச் சொல் அப்போதுதான் என் காதில் முழுதாக விழுந்தது.

“எங்கம்மா வெரலைப் பாத்தா பயந்துரும். செல்லம்மாவும் அழும். நீலக் கலருல ஒரு கண்ணாடி இருந்தாக்கூடப் போதும், பித்தளையில பதிச்சுக் குடுங்க. போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போயிர்றேன்.”

பத்தர் எழுந்து வந்து, வாடிக்கையாளர் உட்காரும் பாயில் அவனருகில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நான் சொல்றேன், முதலாளி” என்றேன்.

சொன்னேன். டப்பா வந்தது, குறிப்பேட்டைத் திறந்தது, செல்லம்மா ரயிலுக்குப் பேர் கொடுத்தது, நான் உறுதி என்றது, ஆறு, தாலி, செர்டாங். எதையும் விடவில்லை, எதையும் மென்மையாக்கவில்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கிற மொழி தெரியாதவன் போல இருந்தான்.

முடித்தபோது, “அந்தப் படத்தைக் காட்டுங்க” என்றான். பக்கத்தைத் திறந்து வைத்தேன். விரலால் தொடாமல் குனிந்து பார்த்தான்.

“மீன் வாலு மாதிரி இருக்கு. இத்தன நாள் போட்டிருந்தேன். இது உள்ள இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

பிறகு கேட்டான்: “அம்மா இருக்கா?”

“இருக்காங்க.”

தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனான்.

ஒருமுறை மட்டும் செர்டாங் போனான் என்று மாரியாயி சொல்லித் தெரியும். லயத்துக் கோடியில் தண்ணீர்க் குழாயடியில் நின்றானாம். இடுப்பில் கைக்குழந்தையோடு செல்லம்மா வந்தாளாம். வாளி கையைவிட்டு விழுந்ததாம். பெருமாள் ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும், “நான் ஒதுங்கிக்கிறேன், நீ சொல்லு” என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அவள் எதுவும் சொல்லவில்லை. கோவிந்தன்தான், “நல்லா பாத்துக்கிறாரில்ல?” என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் வாளியை நிறைத்து வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

மாரியாயி என்னைக் குற்றம் சொன்னதில்லை. “அந்தப் புள்ள அன்னிக்கு ரயிலேறியிருந்தா அதுவும் போயிருக்கும். விடு தாயி” என்று ஒரு வெள்ளிக்கிழமை கீரைக்கட்டை என் முன் வைத்தாள். உண்மையாக இருக்கலாம். இத்தனை ஆண்டுகளில் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள என்னால் முடிந்ததில்லை. செல்லம்மாவைத் தடுக்க ‘போகாதே’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. நான் அவள் கணவனைக் கொன்று தடுத்தேன்.

பத்தர் என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை வழக்கம்போல என் முன் கற்களை வைத்தார். பூதக்கண்ணாடியை ஊதித் துடைத்து, என் கையில் கொடுத்தார். அதன்பின் அந்தப் பட்டறையில் யாரிடமும், எந்தக் கல்லைப் பற்றியும், கழற்றக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் காலத்துக்குப் பின் அந்த வாசகம் எப்படித் திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகள் கழித்துச் செல்லம்மா பட்டறைக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம், சிவப்புக்கல் தோடு செய்ய வேண்டும். நான்கு கேள்விகளையும் கேட்டேன். நிதானமாகப் பதில் சொன்னாள். தோடு தயாரானதும் மகளின் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, மகளுக்குக் கேட்காதபடி சொன்னாள்: “அக்கா, இதுக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பாதீங்க.”

சாந்தி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். கல்லின் உள்ளே இருப்பதை உன் கருவி சொல்லும். அது எந்தக் கைக்குத் தாங்கும் என்பதை நீ சொல். அங்கே நிறுத்திக்கொள்.

என் தந்தை, பத்தர், மாரியாயி, பெருமாள் எல்லோரும் போய்விட்டார்கள். செல்லம்மா செர்டாங்கில் மகள் வீட்டில் இருக்கிறாள். கோவிந்தன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. காய்கறி விற்கும் பாசாருக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறான், விரல்களில் ஒன்றும் இல்லை. குறிப்பேடு என் அலமாரியில் இருக்கிறது. நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம்.